பத்து வயது தாண்டிய செடான்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு, தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்

2023 அக்டோபரில் சிங்கப்பூரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇக்கே (காரைப் பத்து வருடம் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்), கார் விலை சேராமல், ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் ஆனது. அப்புறம் சிஓஇ புதுப்பித்த பழைய ஆல்டிஸ், சிவிக், லான்சர் பக்கம் ஆட்கள் திரும்பியதில் என்ன ஆச்சரியம்? வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் இந்த வகைக் காரில் விலை, ரிப்பேர், வரி எல்லாவற்றையும் ஒரே கோலால்தான் அளக்க வேண்டும்: சிஓஇயில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம்?

விற்பவரிடம் முதலில் லாக் கார்டை, அதாவது காரின் பதிவு விவரத் தாளை, கேளுங்கள். எப்போது முதலில் பதிவானது, எத்தனை கை மாறியது, சிஓஇ எப்போது முடிகிறது, புதுப்பிக்க எவ்வளவு கட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கும். 40,000 வெள்ளி சொல்கிறார், ஐந்து வருடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஊற்றும் முன்பே வருடத்துக்கு 8,000 வெள்ளி கரைகிறது. சிஓஇ புதுப்பித்த காருக்கு பார்ஃப் தள்ளுபடி (பத்து வயதுக்குள் பதிவை ரத்து செய்தால் கிடைக்கும் தொகை) கிடையாது. பதிவை ரத்து செய்தால் பயன்படுத்தாத சிஓஇ காலத்துக்கான பங்கு மட்டும் திரும்ப வரும், அதுவும் புதுப்பித்தபோது கட்டிய தொகையைப் பொறுத்து. அதனால் ஒரே மாடல், ஒரே விலை, ஒரே அளவு காலம் மிச்சம் உள்ள இரண்டு காரில், அதிகத் தொகை கட்டிப் புதுப்பித்த கார்தான் உங்களுக்கு லாபம். இன்னொன்று, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது. முடிந்ததும் கார் போக வேண்டியதுதான்.

வருடாந்தரச் செலவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1,598 சிசி பெட்ரோல் காருக்குச் சாலை வரி வருடத்துக்குச் சுமார் 742 வெள்ளி. பத்து வயதுக்கு மேல் அதில் 10 விழுக்காடு கூடும், அப்படியே வருடாவருடம் ஏறி 14 வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நிற்கும், அப்போது 1,113 வெள்ளி. பத்து வயது தாண்டினால் வருடம் ஒருமுறை பரிசோதனைக்கும் போக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கூரையுள்ள கார்நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி என்றால் வருடத்துக்கு 1,320. காப்புறுதியில்தான் பலர் முழிக்கிறார்கள். பழைய காருக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனமும் முன்வராது, முன்பணம் கொடுக்கும் முன்பே எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

இனி கார். பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை எஞ்சினை ஓட விடாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவைத்து, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போதுதான் கட-கட சத்தமும் புகையும் உண்மை சொல்லும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் அடங்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) சந்தேகம். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி பிசுக்கு இருந்தாலும் உஷாராகுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் பழைய காரின் முதல் எதிரி கூலிங்தான். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக், பத்துப் பன்னிரண்டு வருடச் சூட்டில் பழுப்பேறி நொறுங்கத் தயாராக இருக்கும். ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் அதே வயதுக்காரர்கள். காலியான சாலையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எதிர்க்காற்றே எஞ்சினைக் குளிர்வித்துவிடும். மாலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையில் ஏர்கானோடு ஊரும்போது ஃபேன் மோட்டார்தான் மொத்த வேலையும் செய்ய வேண்டும், அது படுத்துவிட்டால் சூடு கிடுகிடுவென ஏறும். எனவே ஏர்கானை முழுதாகப் போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விட்டு, வெப்பமானியைப் பாருங்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான், அது எரியும்போது நேரம் கடந்திருக்கும். இதற்காகவே காரில் செருகி வெப்பநிலையைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்று வைத்திருப்பது நல்லது. எட்டாம் தலைமுறை சிவிக் 1.8 கார்களில் ஆரம்பகாலத்தவை சிலவற்றில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுக் கூலன்ட் கசிந்ததுண்டு, அந்தக் காரைப் பார்க்கப் போனால் டார்ச் எடுத்துப் போங்கள். ஆமாம், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஏர்கான் சில்லென்று வரவில்லை என்றால், "கேஸ் நிரப்பினால் போதும், தம்பி" என்பார் விற்பவர். கேஸ் தானாகத் தீர்ந்து போகாது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவு கூலிங் காயிலில் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். கம்ப்ரஸர் உள்ளே உடைந்து இரும்புத்தூள் குழாயெல்லாம் பரவியிருந்தால் இன்னும் மோசம், ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்த முடியாது.

கியர்பாக்ஸுக்கு நல்ல சோதனைக்களம் வீவக பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதை. பாதிச் சரிவில் நிறுத்தி மெல்லக் கிளப்புங்கள், ரிவர்ஸ் போட்டும் பாருங்கள். கியர் விழத் தாமதமாகிறதா, உதறுகிறதா, ஆர்பிஎம் மட்டும் ஏறிக் கார் நகராமல் நிற்கிறதா? சிவிடி (படிப்படியாக மாறாத ஆட்டோ கியர்) என்றால் மெதுவான வேகத்தில் வரும் உதறலைக் கவனியுங்கள். ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக டிரை கிளட்ச் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில், கியரை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பழுது பிரபலம். கியர் எண்ணெய் மாற்றிய ரசீது இருந்தால் அது பளபளக்கும் பெயின்ட்டைவிட மதிப்பு மிக்கது. இல்லையென்றால் விலையைக் குறையுங்கள்.

ரப்பர் சமாச்சாரங்கள் எளிது. சிக்னலில் டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போது அதிர்ந்து, என்-னுக்குப் போனதும் அடங்கினால் எஞ்சின் மவுண்ட். வேகத்தடையில் டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர். இரண்டும் பயப்பட வேண்டியவையல்ல, விலை பேச உதவும். டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 1921 என்றால் 2021-இன் பத்தொன்பதாவது வாரம். வெடித்துச் சிதறும் ஆபத்தால் திரும்பப் பெறப்பட்ட டகாட்டா நிறுவன ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த பிராண்டின் முகவரிடம் கேளுங்கள், மாற்றுவது இலவசம்.

இவ்வளவையும் நீங்களே பார்த்தாலும், விகாம் மாதிரி வாகனப் பரிசோதனை நிலையத்தில் காசு கொடுத்து ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த காரைப் பார்க்கப் போகலாம். உபியிலோ காக்கி புக்கிட்டிலோ வியாபாரியிடம் வாங்கினால் ஒரு பாதுகாப்பு உண்டு: 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். வயதான காரின் இயல்பான தேய்மானம் அதில் வராது. தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டமும் கிடையாது.

வாங்கிய பிறகு ரிப்பேர் பில் வரும்போது, மிச்ச மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 3,000 வெள்ளி கியர்பாக்ஸ் வேலை, 36 மாதம் மிச்சம் என்றால் மாதத்துக்குச் சுமார் 83 வெள்ளி, செய்யலாம். பத்தே மாதம் என்றால் மாதம் 300, என்னைக் கேட்டால் அப்போது பதிவை ரத்து செய்துவிட்டு சிஓஇ மிச்சத்தை வாங்குவது புத்திசாலித்தனம். பிரேக், டயர், கூலன்ட் கசிவு மூன்றுக்கும் இந்தக் கணக்கு கிடையாது, உடனே செய்ய வேண்டியவை. கூரைத் துணி தொங்குவதும் பெயின்ட் உரிவதும் அப்படியே இருக்கட்டும்.

ஜொகூரில் மலிவு என்பது உண்மைதான். மவுண்ட், அப்சார்பர், டயர் போன்ற போட்டுவிட்டு மறக்கும் வேலைகளுக்குப் போகலாம், எல்லை தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதை மறக்காமல். ஏர்கான், கியர்பாக்ஸ் மாதிரி இரண்டாம் தடவை கொண்டுபோக வேண்டிவரும் வேலைக்கு, இங்கேயே பட்டறைகள் நிறைந்த சின் மிங் பக்கம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பேன். பாதி வழியில் நின்றுபோன காரைப் பாலம் தாண்டி இழுத்துப் போக யாரைக் கூப்பிடுவீர்கள்?

கடைசி வருடத்தில் எண்ணெய் மட்டும் ஒழுங்காக மாற்றுங்கள். பதிவை ரத்து செய்யும்போது மிச்சமுள்ள சாலை வரி திரும்பக் கிடைக்கும். காப்புறுதியையும் வீவக மாதக் கட்டணத்தையும் அன்றே ரத்து செய்துவிடுங்கள்.