அலுவலக உடைகளைத் தானமாகக் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

பீரோவை ஒழிக்கிற நாளில்தான் பலருக்குத் தான தர்மம் ஞாபகம் வருகிறது. அதனால்தான் வேலை தேடும் பெண்களுக்காக உடை சேகரிக்கும் இடங்களுக்கு வரும் பைகளில் காலர் நைந்த சட்டையும் ஜிப் போன பேண்ட்டும் கிடக்கின்றன. வாங்கிக்கொள்பவர் அதைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போகப்போகிறார். நாளைக்கு நமக்கே நேர்காணல் என்றால் இதைப் போடுவோமா? தயக்கம் வந்தால் அந்த உடை இதற்கானது இல்லை.

துவைக்காமல் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துவைத்ததிலும் அந்துருண்டை வாடை தங்கியிருக்கும். இரண்டு நாள் காற்றாட விட்டுக் கொடுங்கள். பாக்கெட்டுகளையும் ஒருமுறை துழாவிவிடுங்கள்.

நல்ல உடையிலேயே ஒரு சிக்கல் உண்டு. டிரை கிளீனிங் மட்டுமே செய்ய வேண்டிய கோட் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் முதல் சம்பளம் வராதவருக்கு அது ஒவ்வொரு முறையும் செலவு. வீட்டில் துவைத்துக் காயப்போடக்கூடிய, அதிகம் கசங்காத உடைதான் உண்மையில் உதவும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் பலர் ஏமாறுவது வேறு மாதிரி. பெட்டியிலேயே வருஷக்கணக்கில் இருந்த ஷூ புதுசுபோலத் தெரியும். அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற நுரை மாதிரியான பிளாஸ்டிக்காக இருந்தால், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைத்துவிடும். நேர்காணலுக்கு நடந்துபோகும் வழியிலேயே பொடிப்பொடியாக உதிரலாம். அடிப்பாகத்தை அழுத்தி, வளைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டு நடந்தும் பாருங்கள். செயற்கைத் தோல் கைப்பைகளும் இப்படித்தான், மடிப்பில் உரியத் தொடங்கும்.

நேர்காணலோடு தேவை முடிந்துவிடுகிறது என்று நினைப்பதுதான், என்னைக் கேட்டால், பெரிய தவறு. வேலை கிடைத்த முதல் மாதம்தான் திண்டாட்டம்: தினமும் போக வேண்டும், சம்பளமோ இன்னும் வரவில்லை. கொள்ளுத்தாத்தா விட்டுப்போன 5,000 டாலரை வைத்து நான்சி லப்ளின் 1997-இல் நியூயார்க்கில் தொடங்கிய டிரெஸ் ஃபார் சக்சஸ் அமைப்பு இதைப் புரிந்துகொண்டது. நேர்காணலுக்கு ஒரு உடை. வேலை கிடைத்ததும் மறுபடி வந்தால் மாற்றிமாற்றிப் போட இன்னும் சில. எனவே பளபளப்பான ஒரே ஒரு கோட்டைவிட, ஒன்றோடு ஒன்று சேரும் இரண்டு பேண்ட், மூன்று சட்டை கொடுப்பது மேல். வேலை என்றாலே அலுவலக மேசை என்றும் இல்லை. ஹோட்டலில் சேருபவர் கறுப்பு பேண்ட் கேட்கலாம், தொழிற்சாலைக்குப் போகிறவருக்குப் பாதுகாப்பு ஷூ வேண்டியிருக்கலாம்.

அப்புறம் அளவு. தானமாக வருவதில் பெரிய அளவுகள் எப்போதும் குறைவு. உங்களிடம் இருந்தால் அதை முதலில் எடுத்து வையுங்கள். கோட்டும் பேண்ட்டும் செட் என்றால் சேர்த்தே கொடுங்கள்.

கொண்டுபோவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். அவர்களிடம் குளிர்காலக் கோட்டுகள் ஏற்கெனவே குவிந்திருக்கலாம். மூடிய கதவுக்கு வெளியே பையை வைத்துவிட்டு வருவதும் வேண்டாம், மழை பெய்தால் எல்லாம் வீண். கொடுத்த உடையோடு அந்தப் பெண் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர் நாளைக்கு அதே உடையில் புது ஆட்களுக்கு முன்னால் போய் உட்கார வேண்டியவர், கேட்காதீர்கள்.