ஷட்டர் இறங்கும் நேரம்: அணைக்குக் கீழே மீன் சாவதைக் கண்டுபிடிப்பதும் குறைப்பதும்

அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் மீன் அதிகம் சாவது தண்ணீரை நிறுத்துகிற அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களிலும்தான். திறக்கும்போது ஊரே கரையில் நிற்கும். ஷட்டர் இறங்கும்போது ஆற்றில் ஆள் இருக்காது. நாற்றம் வந்தபிறகு போய்ப் பார்த்தால் கொக்கும் காக்கையும் தின்றதுபோக மிச்சம்தான் கிடைக்கும். எந்த மீன், எத்தனை, எதனால் செத்தது என்று சொல்ல வழியே இல்லாமல் போகும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இப்போது பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டில், ஆற்றோரத்துக் கல்லூரி விலங்கியல் துறையோ பாசன சங்கமோ இளைஞர் குழுவோ, நாலு பேர் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய வேலை இது.

முதலில் உங்கள் அணை எந்த ரகம் என்று தெளிவு செய்துகொள்ளுங்கள்

குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை 11.5 மீட்டர் உயரம், சுமார் 261 மில்லியன் கன அடி கொள்ளளவு. நிரம்பிவிட்டால் உபரி தானாக வழிந்து கவுண்டன்யா ஆற்றில் இறங்கி, குடியாத்தம் வழியாகப் பாலாற்றைச் சேரும். வழிந்து போகும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும் என்பதால் மீன் மடுவுக்கு நகர நேரம் கிடைக்கிறது. ஷட்டர் வழியாக விடும் தண்ணீர் அப்படியில்லை. பத்து நிமிடத்தில் மூடிவிடலாம், ஆபத்து அங்கேதான்.

தென்பெண்ணையில் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை 119 அடி, 7,321 மில்லியன் கன அடி. இவ்வளவு ஆழத்தில் கோடையில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலடுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அடியடுக்கு குளிர்ந்து, ஆக்சிஜன் தீர்ந்து கிடக்கும். அடிமதகு வழியாக அது வெளியே வரும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்று புரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் தண்ணீர் வரத்து போதுமானதாக இருந்தும் மீன் சாகும். பெருவெள்ளத்தில் மேல் ஷட்டர்கள் வழியாகக் கொட்டும்போது நேர்மாறான கோளாறு வரலாம்: விழும் வேகத்தில் காற்று ஆழத்துக்குள் அமுங்கிக் கரைந்து, மீனின் செதிலடியிலும் துடுப்பிலும் கண்ணிலும் குமிழாக வெளிப்படும். செத்த மீனின் துடுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் குமிழ் தெரியும்.

வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றில் இருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அணைக்கட்டு தேக்கி வைக்கும் அணை அல்ல. தண்ணீரைக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளின் பக்கம் திருப்பிவிடும் குறுக்குச் சுவர். இங்கே இரண்டு கேள்விதான்: கீழிருந்து எதிரேறும் மீன் தாண்ட முடிகிறதா, கால்வாய்க்குள் போன மீன் திரும்ப ஆற்றுக்கு வருகிறதா.

எந்த மீனைப் பார்ப்பது

வாளை உலகளவில் அழியும் அபாயத்துக்கு ஆளாகக்கூடியது என்று பட்டியலிடப்பட்ட மீன். வெள்ளத்தோடு இனப்பெருக்கம் செய்யும். விலாங்கு கடலில் பிறந்து, குட்டியாக ஆறேறி, பல ஆண்டு நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகிறது. பாலாற்று முகத்துவாரத்துக்கும் மேலே உள்ள மடுவுக்கும் இடையே எத்தனை தடுப்பணை இருக்கிறதோ அத்தனை சுவர் அதற்கு. ஆராலும் ஆற்றுக் கெண்டை வகைகளும் கிடைத்தால் தனித்தனியாக எண்ணுங்கள்.

விரால், குரவை, தேளி இவை காற்றையும் சுவாசிக்கும். ஒரு குட்டையில் இவை மட்டும் துள்ளுகின்றன என்றால் அங்கே மற்ற மீன்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "மீன் நிறைய இருக்கே" என்று கரையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வகையையும் ஜிலேபி மீனையும் பார்த்துத்தான்.

அளவுகோல் நடுதல்

அணைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்று, ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. பாலத் தூணிலோ அசையாத பாறையிலோ எனாமல் பெயின்டால் 1 செ.மீ. கோடுகள், 10 செ.மீ.க்கு ஓர் எண். மணலில் குச்சி நடாதீர்கள். வெள்ளம் அடிமணலை அரித்தால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும். இரண்டு இடம் ஏனென்றால் நீர்மட்டம் இறங்கும் வேகம் கீழே போகப்போகத் தணியும். அணையடியில் மணிக்கு 20 செ.மீ. இறங்கியது எட்டாவது கிலோமீட்டரில் 5 செ.மீ. ஆகலாம். எதுவரை பாதிப்பு என்பது இந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஷட்டர் மூடும் நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள், அல்லது செல்போனை நிலையாகக் கட்டி அதே இடைவெளியில் படம் எடுக்கட்டும். அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் சால்மன் குஞ்சு இருக்கும் பருவத்தில் மணிக்கு 1 முதல் 2 அங்குலத்துக்கு மேல், அதாவது 2.5 முதல் 5 செ.மீ.க்கு மேல் நீர்மட்டம் இறங்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அது வேறு மீனுக்கு வகுத்த அளவு. தொடக்கக் கணக்காக எடுத்துக்கொண்டு, உங்கள் ஆற்றில் குட்டையில் சிக்கும் எண்ணிக்கையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓடும் தண்ணீரின் அளவுக்கு மிதவைக் கணக்கு போதும். நேரான, குழியில்லாத இடத்தில் 10 மீட்டர் அளந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை நடுவிலும் இரு ஓரங்களிலும் மூன்று மூன்று முறை விட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். அகலம் 4 மீ., சராசரி ஆழம் 0.3 மீ., பழம் 25 நொடியில் கடந்தது என்றால்: வேகம் 0.4, திருத்தியபின் 0.34, பெருக்கினால் நொடிக்கு சுமார் 408 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் இது 14 கன அடிக்குச் சற்று மேல். அறிவித்த திறப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் உங்கள் ஆழ அளவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஐந்து இடத்தில் அளக்க வேண்டியதை இரண்டு இடத்தில் அளந்திருப்பீர்கள்.

குட்டை எண்ணுதல்

வேலையின் உயிர் இதில்தான். மீன் சிக்குவது இரண்டு விதம். சரிவு குறைந்த மணல் திட்டில், அதாவது 100 அடிக்கு 4 அடிக்கும் குறைவாக இறங்கும் இடத்தில், தண்ணீர் சட்டென்று பின்வாங்கினால் விரல் நீளக் குஞ்சுகள் ஈர மணலிலேயே கிடந்துபோகும். பள்ளங்களில் சிக்கியவை உடனே சாகாமல், தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் தீரும்வரை உயிரோடிருக்கும். பாலாற்றுப் படுகையில் மணல் அள்ளிய குழிகள் இந்த இரண்டாவது பொறியை ஏராளமாக உண்டாக்கி வைத்திருக்கின்றன. இயற்கையான மடு வெள்ளத்தால் தோண்டப்பட்டது, ஆற்றின் ஓடுபாதையோடு சேர்ந்தே இருக்கும், ஊற்றும் கசியும். மணல் குழி ஓடுபாதைக்கு ஒதுங்கி இருப்பதால் முதலில் துண்டிக்கப்படுகிறது. களிமண் வரை தோண்டிய குழியில் ஊற்றும் வராது.

மூடுவதற்கு முந்தைய நாளே 500 மீட்டர் நீளத்தை நடந்து, குட்டையாகக்கூடிய இடங்களுக்கு எண் கொடுத்து, வரைபடத்தில் குறியுங்கள். மூடிய 6, 24, 48 மணி நேரத்தில் அதே வரிசையில் திரும்ப நடங்கள். ஒவ்வொரு குட்டைக்கும் நீளம், அகலம், அதிக ஆழம், உயிருள்ள மீன், செத்த மீன், அடியில் மணலா களிமண்ணா என்று ஒரு வரி. மதியத்தில் வெப்பநிலை எடுங்கள். ஆக்சிஜனை விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே எடுங்கள். இரவெல்லாம் பாசியும் சுவாசித்து முடித்திருக்கும் அந்த நேரத்தில்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். பகல் பதினொரு மணிக்கு அளந்து "ஆக்சிஜன் நன்றாக உள்ளது" என்று எழுதுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆக்சிஜன் மீட்டர் இல்லையென்றால் கல்லூரி வேதியியல் கூடத்தில் செய்யும் விங்க்ளர் முறை போதும். 300 மி.லி. குப்பியைக் குமிழ் இல்லாமல் நீருக்குள் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு-அசைடு 1 மி.லி. விட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே இருந்தால் அநேகமாக இல்லை. ஆற்றங்கரையிலேயே தெரிந்துவிடும் விடை இது. அமிலம் சேர்ப்பதும் மீதியும் கூடத்தில் நடக்கட்டும்: 201 மி.லி.யை 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம் பார்த்தால் (டைட்ரேஷன்) செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். 5-க்கு மேல் நிம்மதி, 3-க்குக் கீழே கெண்டை மேலே வந்து வாய் பிளக்கும், 2-க்குக் கீழே சாவு.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் பார்ப்பவர்கள் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்தால் உப்பளவு எகிறும். அணைத் தண்ணீர் அப்படிக் காட்டாது. அடுத்தடுத்த குட்டைகளில் ஒன்றில் மட்டும் பல மடங்கு அதிகம் என்றால் அங்கே செத்த மீனை அணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாத அறிக்கையை ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டி ஒதுக்கிவிடும்.

சிக்கிய மீனை மாற்றுதல்

மீன்வளத் துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சாத்தனூருக்குக் கீழே முதலை நடமாட்டம் பற்றி உள்ளூரில் கேட்காமல் மடுவில் இறங்க வேண்டாம். சொரசொரப்பில்லாத கைவலை, நிழலில் வைத்த வாளி, நனைத்த கை. 20 லிட்டர் வாளியில் கையளவு மீன் ஐந்தாறுக்கு மேல் கூடாது. கொண்டு போகும் மடுவின் தண்ணீரைச் சிறுகச்சிறுக வாளியில் ஊற்றி, பதினைந்து நிமிடத்தில் வெப்பத்தைச் சமமாக்கிய பிறகு விடுங்கள். அப்படியே கவிழ்த்தால் அதிர்ச்சியில் சாகும். தேளியின் முள் குத்தினால் கை வீங்கிவிடும், அதை வலையோடு தூக்குங்கள். அதே ஆற்றின் ஆழமான மடுவுக்கு மட்டும், மாலையில் மாற்றுங்கள். ஜிலேபியையும், வளர்ப்பதற்கே தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் ஆற்றில் திரும்ப விட வேண்டாம்.

நீர்வளத் துறையிடம் என்ன கேட்பது

பாசனத் திறப்புக்கு நாளும் அளவும் குறித்து அரசாணை வருகிறது. அதற்கு முன் உதவிச் செயற்பொறியாளரிடமும், ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்வு நாளிலும் மனு கொடுங்கள். பொதுவாக "மீனைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதாமல், ஷட்டர் மூடும் வரிசையை எண்ணாகக் கேளுங்கள். நொடிக்கு 100 கன அடியிலிருந்து ஒரேயடியாகப் பூஜ்யம் ஆக்காமல் 60, 35, 20, 10, 5 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் 4 மணி நேரம் நிறுத்துவது. கடைசிப் படிகள் சிறிதாக இருக்கக் காரணம், ஓட்டம் குறையும்போது அதே ஒரு கன அடி அதிக நீர்மட்டத்தைத் தின்னும்.

விவசாயிகள் முதலில் கேட்பது தண்ணீர்ச் செலவைத்தான், கேட்க வேண்டியதும்தான். ஐந்து படிகளின் கூட்டுத்தொகை 130. நான்கு மணி நேரத்தால் பெருக்கினால் 520. மணிக்கு 3,600 நொடி என்று கணக்கிட்டால் 18.7 லட்சம் கன அடி. மோர்தானாவின் கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. பிறகு 5 கன அடியை முப்பது நாள் தொடர்வது என்றால் சுமார் 13 மில்லியன் கன அடி, கொள்ளளவில் நூற்றுக்கு ஐந்து. இது பெரிய விலை. வறட்சி ஆண்டில் கேட்காதீர்கள், படிப்படியாக மூடுவதை மட்டும் எந்த ஆண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதுவெள்ளம் வந்த பருவத்தில் கூடுதலாக ஒன்று. பெருங்கெண்டைகளின் முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். குஞ்சு தன் மஞ்சள் பையைக் கரைத்து நீந்தித் தின்ன இன்னும் மூன்று நாள் ஆகும். முதல் திறப்பில் மீன் எதிரேறியது தெரிந்தால், ஐந்து நாளாவது ஓட்டம் நிற்கக் கூடாது என்று மனுவில் எழுதுங்கள்.

அணைக்கட்டுச் சுவருக்கு ஒரு மலிவான வழி உண்டு. கைவிரல் நீள விலாங்குக் குட்டி, தண்ணீர் கசியும் சொரசொரப்பில் பாம்புபோல ஊர்ந்து ஏறும். வழுக்கும் சிமென்ட்டில் ஏறாது. துறையின் அனுமதியோடு, நீர் வழியும் ஓரத்தில் தடித்த தேங்காய்நார்க் கயிறு ஐந்தாறைச் சேர்த்துப் பின்னி, மேல் விளிம்பிலிருந்து கீழ்மடுவுக்குள் அரை மீட்டர் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். மேல் முனை அமைதியான தண்ணீரில் முடிய வேண்டும், இல்லையென்றால் ஏறிய குட்டியை ஓட்டம் திரும்பத் தள்ளிவிடும். கயிறு காய்ந்தால் பயனில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்கியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், இரவில் டார்ச்சோடு போய் ஏறுபவற்றை எண்ணுங்கள்.