சொல் தெரிகிறது, சங்கதி பிடிபடவில்லை: ஆங்கிலப் பத்தி சொல்லித் தருகிறவர்களுக்கு

காசிமேட்டுப் பிள்ளையிடம் தமிழில் இரண்டே வாக்கியம் கொடுங்கள்: "ஏப்ரல் 15 வந்தது. வஞ்சிரம் விலை ஏறிவிட்டது." ஏன் என்று கேட்டால் உடனே பதில் வரும்: "தடைக்காலம் மிஸ், போட்டு கடலுக்குப் போவாது." விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை என்பது அந்த வாக்கியங்களில் எங்கும் இல்லை. பிள்ளை தன்னிடமிருந்து எடுத்துப் போட்டது அது.

அதே பிள்ளை "தி சன் கேம் அவுட் அட் லாஸ்ட், அண்ட் எவ்ரிஒன் ஸ்மைல்ட்" என்ற வரியைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்துவிட்டு, வெயில் வந்ததற்கு எதற்குச் சிரித்தார்கள் என்று முழிக்கும். கத்திரி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் நாள்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும் என்று தெரிந்தால்தான் அந்தச் சிரிப்பு புரியும். இதற்கு இலக்கணப் பயிற்சி மருந்தல்ல.

ஆகவே, முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். 150 சொல் பத்தியில் தெரியாத சொற்களுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஏழெட்டுக்கு மேல் போனால் அது சொல் பிரச்சினை. எளிய பத்திக்கு மாறுங்கள். அதற்குள் இருந்தால், ஒரு வரியை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு "ஏன்?" என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு சரி, காரணம் வரவில்லை என்றால் குறை பின்னணி அறிவில்தான், எழுதியவர் சொல்லாமல் விட்டதைப் பிள்ளையால் நிரப்ப முடியவில்லை.

முந்தின நாளே பத்தியைப் படித்து, எழுதியவர் 'எல்லாருக்கும் தெரியும்' என்று சொல்லாமல் விட்ட இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் விளக்க வேண்டாம். எது இல்லாவிட்டால் பத்தியே சாயுமோ, அந்த ஒன்றிரண்டு போதும். அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பற்றிய பத்தி என்றால், நவம்பர் நான்காம் வியாழன் குடும்பம் ஒன்றுகூட எங்கிருந்தெல்லாமோ வீடு திரும்புவார்கள் என்பதுதான் தேவை. பூசணி 'பை' என்ற பலகாரத்தின் செய்முறை தேவையில்லை. ஒரு படம், ஒரு கேள்வி, ஐந்து நிமிடம். அதற்கு மேல் பேசினால் கதையை நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள், பிள்ளை வாசிக்காது.

அதிகம் தவறுவது ஒப்பிடும்போது. "நம்ம பொங்கல் மாதிரி" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எதில் ஒற்றுமை, எதில் வேற்றுமை என்று அதே மூச்சில் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளை நம்முடையதை அங்கே ஏற்றிவிடும். பெரியவர்களும் இப்படித்தான். 1979இல் ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டு நாட்டுக் கல்யாணத்தைப் பற்றிய கடிதங்களை வாசித்தார்கள். தத்தம் ஊர்க் கடிதத்தை வேகமாக வாசித்தார்கள், அதிகம் நினைவில் வைத்தார்கள். மணப்பெண் பாட்டியின் கல்யாண உடையை அணிந்தது அமெரிக்கருக்குப் பெருமையான மரபு. இந்திய வாசகர் ஒருவருக்கோ அது காலம் கடந்த பழைய துணி. நம்மூர் வரதட்சணையை அமெரிக்கர் ஒருவர் பரிசுப் பரிமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

வாசித்த பிறகு தாளை மூடச் சொல்லி, மூன்று நிமிடம் தமிழில் திருப்பிச் சொல்ல விடுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் பேச்சுத் திறனைத்தான் அளப்பீர்கள். விட்டதைவிடச் சேர்த்ததைக் கவனியுங்கள். பிள்ளை எந்தப் பின்னணியை நம்பி வாசித்தது என்பது அதில்தான் தெரியும். திட்டாமல் "அது எந்த வரியில இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரே பொருளில் வாரத்துக்கு மூன்று பத்தி கொடுப்பது நல்லது. முதல் பத்தியில் சேர்ந்த பின்னணி மூன்றாவதில் கைகொடுக்கும். தயங்கும் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்குங்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன், "த கீப்பர் டைவ்ட் த ராங் வே" என்ற வரியில் கோல் விழுந்துவிட்டதைச் சொல்லாமலே பிடிப்பான். அப்போது நிறுத்தி, "கோல்னு எங்கயும் எழுதல, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள்.

பரீட்சையில் விளக்க ஆள் இருக்காது. வரி புரிந்து காரணம் புரியாத இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, சொந்தமாக எதையும் நிரப்பாமல் அடுத்த இரண்டு வாக்கியத்தை வாசிக்கப் பழக்குங்கள்.