ஆன்லைன் பட்டப்படிப்புச் சேர்க்கை: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டப்படிப்புகளுக்கு மாணவர் சேர்ப்பது என் வேலை. ஃபேஸ்புக் விளம்பரத்தால் விசாரணைகள் குவிந்தன, சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. பகல் 11 மணிக்குப் போன் செய்தால் ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்த பையன் எப்படி எடுப்பான்? ஷிப்ட் கேட்டு அழைக்க ஆரம்பித்தேன்.

"இந்த டிகிரி செல்லுமாங்க?" என்பதுதான் எல்லோருடைய பயமும். நியாயமான பயம். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்ற, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 அறிவிப்பைத் தமிழில் விளக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கீகாரப் பட்டியலை அவர்களையே பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் டெப் ஐடி, அதாவது ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர யுஜிசி தளத்தில் மாணவர் எடுக்க வேண்டிய அடையாள எண். ராயக்கோட்டை அக்கா ஒருவர் அதில் மூன்று முறை தோற்றிருந்தார். ஆதாரில் இருந்தது அப்பாவின் நம்பர், ஓடிபி அவருக்குப் போயிருக்கிறது. ஞாயிறன்று அப்பாவோடு வந்தார், பத்தே நிமிடத்தில் முடித்தோம். இப்போது ஞாயிறு முழுக்க எனக்கு அந்த வேலைதான்.