வெளியில் வைத்து நண்டு அவிக்க காஸ் அடுப்பும் பானையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பக்கத்தில், வெள்ளவத்தை மொட்டை மாடியிலோ தெஹிவளை வீட்டு முற்றத்திலோ பத்துப் பேரைக் கூப்பிட்டு, ஒரே பானையில் நண்டு, இறால், சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் அவித்துக் கொட்டிச் சாப்பிடுவதில் தனி ருசி உண்டு. ஒடியல் மாவும் கடலுணவும் புளியும் சேர்த்து யாழ்ப்பாணக் கூழ் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இதற்கென்று சாமான் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள். கடையில் மூட்டிக் காட்டும்போது எது அதிகம் இரைகிறதோ அதைத் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் அதற்கு ஒரு பானை தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். என்ன சமைக்கப் போகிறோம், எத்தனை பேருக்கு என்பதை வைத்துப் பானை. பானையை வைத்து அடுப்பு.

பானையின் அளவில் அநேகமாக எல்லோரும் ஏமாறுகிறார்கள். 20 லீற்றர் பானை என்றால் விளிம்பு வரை நிரப்பினால்தான் 20. கொதித்துப் பொங்க மேலே கால்வாசி இடமாவது விட வேண்டும். அதற்குள் நண்டு வேறு, ஓடும் காலுமாக நிறைக்கு மீறி இடம் பிடிக்கும். நண்டும் இறாலும் சேர்ந்து 5 கிலோ, கூடவே கிழங்கும் சோளமும் என்றால் 15 லீற்றர் தண்ணீராவது வேண்டும். அதற்கு 30 லீற்றர் பானைதான் சரி. உள்ளே இறங்கும் துளைக்கூடை ஒன்றும் இருந்தால் நல்லது. கொதிநீரோடு முழுப் பானையையும் சரித்து வடிக்கப் பார்ப்பதுதான் இந்தச் சமையலிலேயே மோசமான வேலை. கூடையைத் தூக்கினால் அந்தச் சிக்கலே இல்லை.

உலோகத்தைத் தெரிவதற்கு முன், வெறும் அவியலா, கூழா என்று முடிவு செய்யுங்கள். வெறும் தண்ணீரில் அவிப்பதென்றால் மெல்லிய அலுமினியப் பானையே போதும்: விலை குறைவு, சூடு சீக்கிரம் ஏறும், தூக்கவும் பாரமில்லை. கூழ் வேறு சங்கதி. புளிக்கரைசல் அலுமினியத்தோடு சேரும், நிறமும் மாறும், வாயில் உலோகச் சுவையும் தட்டும். தேசிக்காய் பிழிந்து அவிப்பவர்களுக்கும் இதேதான். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) கரைத்து ஊற்றியதும் கூழ் தடிக்கும். அடி மெல்லியதாக இருந்தால் நடுவில் மட்டும் கறுப்பு வட்டமாகப் பிடித்துவிடும். அந்தக் கருகல் மணம் ஒரு பானைக் கூழையும் கெடுக்கும், மேலே எத்தனை நண்டு போட்டாலும் மறையாது. ஆகவே கூழுக்கு அடி தடித்த ஸ்டீல் பானை, அதுவும் அகப்பை தாராளமாகச் சுழலும்படி வாய் அகன்றதாக. இரண்டையும் ஒரே பானையில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதையே வாங்கிவிடலாம். அவியலுக்குத் தடித்த அடி ஒரு குறையே இல்லை.

இனி அடுப்பு. வீட்டுக் காஸ் குக்கரின் பெரிய பர்னர் 3 முதல் 4 கிலோவாட் வரை தரும். அதில் பாதி பானைக்குள் போகிறது என்று வைத்தால், 15 லீற்றர் தண்ணீர் கொதிக்க முக்கால் மணித்தியாலம் ஆகும். பொறுக்கலாம் என்று தோன்றும். கோளாறு அதற்குப் பிறகுதான். ஐஸில் கிடந்த 5 கிலோ நண்டும் இறாலும் உள்ளே விழுந்த உடனே தண்ணீர் 80 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். சின்ன பர்னரில் அது மீண்டும் கொதிக்கக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இறால் வெந்து, பிறகு ரப்பராகியும்விடும். 10 கிலோவாட் பர்னர் என்றால் அதே கொதி ஏழெட்டு நிமிடத்தில் திரும்பும். 30 லீற்றர் பானைக்கு அவ்வளவு போதும். அதற்கு மேலே போய், கல்யாண வீட்டுக் கிடாரத்துக்கான அடுப்பை வாங்கினால் தீ பானையின் பக்கத்தால் ஏறிக் கைபிடியைச் சுடும். கூழுக்கோ அவ்வளவு தீ ஆகவே ஆகாது. நன்றாகக் குறைத்து எரிக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். பெரிய தீ எல்லா அடுப்பிலும் வரும், சின்னத் தீ வராது.

கனடாவிலிருந்து வரும் சொந்தங்கள் பெட்டியில் கொண்டு வரும் புரொப்பேன் பர்னர் தனிக் கதை. அதன் இணைப்பு அங்குள்ள சிலிண்டரின் மரைக்கானது, நம் சிலிண்டரில் ஏறாது. அதைவிட முக்கியம், நம் சிலிண்டரில் இருப்பது தனிப் புரொப்பேன் இல்லை, பெரும்பகுதி பியூட்டேன் கலந்தது. 2021 இறுதியில் வீடுகளில் காஸ் வெடித்த செய்திகள் வரிசையாக வந்தபோது, இந்த இரண்டும் கலக்கும் விகிதத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. பெரிய பர்னர் வேகமாகக் காஸை இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரைக்கும் ஆவியாகும், பியூட்டேனோ பூச்சியத்தை நெருங்கும்போதே அடங்கிவிடும். 5 கிலோ சிலிண்டரைப் பெரிய பர்னருக்குக் கொடுத்தால் காஸ் பாதி இருக்கும்போதே தீ சோர்வது இதனால்தான். 12.5 கிலோ சிலிண்டரை வையுங்கள். தீ சோர்ந்துவிட்டதே என்று சிலிண்டரைச் சரிப்பதும், அடுப்புக்கு அருகே தள்ளிச் சூடு காட்டுவதும் வேண்டாம். சரித்தால் திரவக் காஸே குழாய்க்குள் வரும்.

ரெகுலேற்றரை மாற்றிப் போடுவதை மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. வீட்டு ரெகுலேற்றர் குறைந்த அழுத்தத்துக்கானது. அதை உயரழுத்த பர்னரில் மாட்டினால் தீ மஞ்சளாகத் தள்ளாடி, பானை அடியில் கரி அப்பும். மறுபுறம், உயரழுத்த ரெகுலேற்றரைச் சாதாரணக் குக்கரில் மாட்டினால் ஆபத்து. குழாயும் அப்படித்தான்: வீட்டில் போட்டிருக்கும் ரப்பர் குழாய் உயரழுத்தத்துக்கு ஆகாது. பர்னர், ரெகுலேற்றர், குழாய் மூன்றையும் ஒரே அழுத்தத்துக்கானதாக ஒரே கடையில் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் நாலு கடை விசாரிக்கலாம். ஒவ்வொரு தடவையும் மூட்டுமுன் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் மூட்டாதீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் கடற்கரைப் பக்க மொட்டை மாடிகளில் தீ நிற்காது. உடனே தகரத்தைச் சுற்றி வளைத்து, அதற்குள்ளேயே சிலிண்டரையும் வைத்துவிடுகிறார்கள். மறைப்பு காற்று வரும் பக்கம் மட்டும் போதும். சிலிண்டர் அதற்கு வெளியே, குழாய் நீளும் மட்டும் தள்ளி நிற்கட்டும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தங்கும். நாலு பக்கமும் அடைத்த கைப்பிடிச் சுவர் உள்ள மாடியிலும், படிக்கட்டின் தலைப்பிலும் அடுப்பு வைக்காதீர்கள். பல்கனி வேண்டவே வேண்டாம்.

உயரமான ஒடுங்கிய பானையைச் சின்ன முக்காலியில் வைத்தால் கூடையைத் தூக்கும்போது ஆடும். பானையின் அடி முக்காலிக்குள் அடங்க வேண்டும், முக்காலியின் கால்கள் சமதரையில் நிற்க வேண்டும்.

வருடத்தில் ஓரிரு தடவைதான் என்றால் வாங்கவே வேண்டாம். சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் இடங்களில் பானையும் அடுப்பும் கிடைக்கும். எடுக்கும்போது பானையின் அடி நெளிந்திருக்கிறதா, கைபிடி ஆணி ஆடுகிறதா என்று பாருங்கள். குழாயை மட்டும் வாடகைக்கு எடுக்காமல், புதிதாக வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.