பிரேக் பேடு மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

"30,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு, பேடு மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். நகர நெரிசலில் ஊர்ந்து போகும் காரும் பைபாஸிலேயே ஓடும் காரும் ஒரே மாதிரி தேயாது. கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி வண்டியை நிறுத்துங்கள். சூடு ஆறியதும் முன் சக்கரத்தின் இடைவெளி வழியாக செல்போன் டார்ச் அடியுங்கள். சக்கரத்தோடு சுழலும் பளபளப்பான வட்டத் தகடான டிஸ்க்கை ஒட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் தெரியும் கறுப்புப் பட்டைதான் பேடு. பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பட்டை புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். உள்பக்கப் பேடு சில வண்டிகளில் இன்னும் சீக்கிரம் தேயும். சர்வீஸில் சக்கரத்தைக் கழற்றும்போது அதையும் காட்டச் சொல்லுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரவென்று கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கில் படிந்த லேசான துரு, தானே போய்விடும். எப்போது மிதித்தாலும் கீச்சென்று கத்தினால், பேடு தேய்ந்ததைச் சொல்ல அதில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் வந்துவிட்டால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். பிரேக் பிடிக்காமல் போகலாம், டிஸ்க்கும் பாழாகும்.

மாற்றினால் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், புதுப் பேடு போட்ட வண்டியை நகர்த்தும் முன் பெடலைச் சில முறை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரைவரை போகலாம். கெட்டியான பிறகே கியர் போடுங்கள்.