வீட்டில் எலீசன் லேப்கூஹன்: அவசரப்படாதவர்களுக்கு ஒரு செய்முறை

செப்டம்பரிலேயே ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டுகளில், மசாலா மணக்கும் கிறிஸ்துமஸ் பலகாரமான லேப்கூஹன் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றில் மலிவானவை பெரும்பாலும் மாவும் சர்க்கரைப்பாகும்தான். அதில் ஒன்றைக் கடித்துவிட்டு, "கிறிஸ்துமஸ் பலகாரம் என்று இதையா கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது. நியூரம்பெர்க்கில் குடியிருப்பவள் நான். இந்த ஊரின் எலீசன் லேப்கூஹனை ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள், பிறகு பேசுவோம் என்பேன்.

எலீசன் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் பாதாம், ஹேசல்நட், வால்நட் ஆகிய பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் செய்யும்போது நான் மாவே சேர்ப்பதில்லை. பருப்பு, முட்டை, சர்க்கரை, பதப்படுத்திய பழத்தோல், மசாலா, இவ்வளவுதான். ஆகவே இது பிஸ்கட் போல மொறுமொறுக்காது. மேலே மெல்லிய தோல், உள்ளே ஈரம். அந்த ஈரத்தைக் காப்பாற்றுவதில்தான் கைத்திறமை எல்லாம் இருக்கிறது.

இந்த ஊருக்கு இந்தப் பலகாரம் அமைந்ததற்குக் காரணம் உண்டு. நகரைச் சுற்றியிருக்கும் ரைஷ்வால்ட் காட்டில் தேன் எடுப்பவர்கள் இருந்தார்கள். மலபாரின் ஏலக்காயும் இலங்கையின் பட்டையும் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் வெனிஸில் இறங்கி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இங்குள்ள வணிகர்களிடம் வந்து சேர்ந்தன. 1643-இல் லேப்கூஹன் செய்பவர்களுக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் இருக்கிறது: நகர எல்லைக்குள் செய்ததை மட்டுமே நியூரம்பெர்க் லேப்கூஹன் என்று விற்கலாம்.

முதலில் மசாலா. பட்டைத்தூள் 2 மேசைக்கரண்டி, கிராம்புத்தூள் 1 தேக்கரண்டி; ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற உலர்ந்த காய்), கொத்தமல்லி விதை, ஏலக்காய், சுக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றின் தூள் தலா அரைத் தேக்கரண்டி; ஜாதிபத்திரி, ஜாதிக்காய் தலா கால் தேக்கரண்டி. இங்கே பலர் கிராம்பை இதைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். எனக்கு அது நாக்கை மரத்துப்போகச் செய்துவிடுகிறது; பருப்பின் ருசி பின்னால் போய்விடும். பட்டை இலங்கைப் பட்டையாக இருந்தால் நல்லது, அதன் மணம் மென்மையானது. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: மசாலாவை வறுக்காதீர்கள். வாணலியை அடுப்பில் வைக்க நம் கை துறுதுறுக்கும்தான். வறுத்தால் குழம்பு வாசனை வந்துவிடும். பச்சையாக அரைத்துச் சலித்தால் போதும். ஒருமுறை செய்வதற்கு இந்தக் கலவையில் இரண்டரைத் தேக்கரண்டி சரியாக இருக்கும். மீதியை இறுக மூடி வையுங்கள்.

சுமார் 20 லேப்கூஹனுக்குத் தேவையானவை: பாதாம் 200 கிராம், ஹேசல்நட் 200 கிராம், முட்டை 3, பழுப்புச் சர்க்கரை 180 கிராம், தேன் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத்தோலும் சிட்ரோன் (எலுமிச்சை இனப் பழம்) தோலும் தலா 75 கிராம், ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். ஹேசல்நட் கிடைக்காத ஊரில் வால்நட் போடலாம். முந்திரி வேண்டாம், அது குழைந்துவிடும்.

பழைய செய்முறைகளில் கலவையை உப்ப வைக்க மான்கொம்பு உப்பு என்று ஒன்று வரும். இப்போது கடையில் கிடைப்பது அம்மோனியம் உப்புக் கலவை. தட்டையாக, காய்ந்து வேகும் பிஸ்கட்டுகளுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அம்மோனியா முழுக்க வெளியேறிவிடும். கனமான, ஈரமான எலீசனில் அந்த நெடி உள்ளேயே தங்க வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் பேக்கிங் பவுடர்.

ஹேசல்நட்டை 180 டிகிரியில் 10 நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு பாதாமையும் சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் பிரிந்துவிடும். கால் பங்கைக் குருணையாகவே எடுத்துவிடுங்கள், வாயில் கடிபட வேண்டும். பழத்தோலையும் பொடியாக நறுக்குங்கள். பழத்தோல் பிடிக்காது என்பவர்கள்கூட மிளகளவு நறுக்கியதை விரும்பிச் சாப்பிடுவார்கள்.

முட்டையையும் சர்க்கரையையும் வெளிறி நுரைத்து வரும்வரை அடித்து, தேனும் மசாலாவும் சேர்த்து, மற்றவற்றைக் கரண்டியால் கிளறுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை ஒட்டிக்கொண்டு மெதுவாக விழ வேண்டும். தளர்வாகத் தெரிகிறதே என்று மாவைக் கொட்டிவிடாதீர்கள்! அதிரச மாவைப் போல இதற்கும் ஓய்வு தேவை. மூடி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் பருப்புத்தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கெட்டியாகும்.

அடுத்த நாள் ஓப்லாட்டன் தேவைப்படும். இது வாயில் வைத்தால் கரையும் மெல்லிய வெள்ளை வட்டத் தாள். 70 மில்லிமீட்டர் அகலமுள்ளதை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 45 கிராம் அளவுக்குக் கலவையை வையுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் வழித்துவிடுங்கள். விளிம்பில் ஒரு நூலளவு வெள்ளை தெரியட்டும், வேகும்போது கலவை பரவி அதை நிரப்பிவிடும். ஓப்லாட்டன் கிடைக்காவிட்டால் பேக்கிங் தாளிலேயே சுடலாம்; அடிப்பக்கம் சற்றுக் காய்ந்துபோகும், அவ்வளவுதான். தோல் உரித்த பாதாம் பாதிகள் மூன்றை மேலே பதிப்பது இந்த ஊர் வழக்கம்.

இப்போதும் அடுப்பில் வைக்கக் கூடாது. ஆறு மணி நேரமாவது தட்டில் திறந்தபடி உலர விடுங்கள். பளபளப்பு மங்கி, விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் தோல் கட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தோல்தான் மேட்டைச் சரியவிடாமல் தாங்குகிறது, உள்ளே இருக்கும் ஈரத்தையும் அடைகாக்கிறது.

மேலும் கீழும் சூடு வரும் அமைப்பில் 160 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். காற்று சுழலும் அமைப்பு வேண்டாம், அது காய வைத்துவிடும். மேற்புறம் உறுதியாகி, நடுவில் அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமுங்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். வேகவில்லையோ என்று சந்தேகம் வரும், ஆறும்போது இறுகிவிடும்.

மூன்றில் ஒரு பங்கை அப்படியே விடுவேன். இன்னொரு பங்குக்கு 100 கிராம் ஐசிங் சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, சூடாக இருக்கும்போதே தூரிகையால் பூசுவேன்; காய்ந்ததும் கண்ணாடி போலப் படியும். மீதிக்கு உருக்கிய கறுப்புச் சாக்லேட், ஆனால் முழுவதும் ஆறிய பிறகு.

ஆசையை அடக்கி ஒரு வாரம் தகர டப்பாவில் வையுங்கள். மசாலா ஒன்றோடொன்று இணக்கமாவது அந்த நாட்களில்தான். சுட்ட அன்று பட்டை தனியாக, கிராம்பு தனியாகத் தெரியும். டப்பாவுக்குள் ஒரு துண்டு ஆப்பிள் தோலைச் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் எல்லாம் மிருதுவாக இருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். சர்க்கரை பூசியவற்றை வேறு டப்பாவில் வைப்பது நல்லது, ஆப்பிளின் ஈரத்தில் பூச்சு கசிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காலமான அட்வென்ட்டின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பரிமாற வேண்டுமானால் நவம்பர் நடுவிலேயே பருப்பு வாங்கிவிடுங்கள்.